துப்பாக்கி வழக்குகள்: யாருடைய உரிமைக்காக?

மடக்குக் கத்தியும் துப்பாக்கியும் ஒன்றுதானாம்!

இதைச் சொன்னது குடிகாரன் அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மத்திய கோர்ட்டு நீதிபதி ரோஜர் பெனிட்டெஸ், 2021 ஜூன் மாதம் தம் தீர்ப்பில் எழுதிவைத்த சங்கதி. ஏ.ஆர்.15 என்று ஒரு துப்பாக்கி. ராணுவத் துப்பாக்கியின் சாயலில் செய்தது. விசையை இழுக்க இழுக்கத் தோட்டா பாயும். சுவிட்சர்லாந்து மடக்குக் கத்தியைப் போல இது வீட்டுக்கும் காவல், நாட்டுக்கும் காவல் என்று புகழ்ந்துவிட்டு, அதைத் தடை செய்த மாநிலச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார் அவர்.

அந்தச் சட்டம் எப்படி வந்தது? 1989 ஜனவரியில் ஸ்டாக்டன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தில் ஒருவன் புகுந்து சுட்டான். ஐந்து குழந்தைகள் செத்து விழுந்தன. கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த ஏழை அகதிகளின் குழந்தைகள். அங்கே யுத்தத்துக்குத் தப்பியவர்கள் இங்கே பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள் அதே ஆண்டில் கலிபோர்னியா இயற்றிய சட்டம் அது. அதைத்தான் மடக்குக் கத்தி உவமையால் அறுக்கப் பார்த்தார் நீதிபதி. மேல்கோர்ட்டு அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

"அமெரிக்காக்காரன் துப்பாக்கி நமக்கென்ன?" என்று ஆலை வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே சாகிறவன் யார்? 2022ஆம் ஆண்டில் மட்டும் அந்த நாட்டில் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 48,204 பேர். நாளொன்றுக்கு 132 பேர்! இதில் பாதிக்கு மேல், 27,000க்கும் அதிகமானவர்கள், தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு செத்தவர்கள். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மனமுடைந்து போனவர்கள், புருஷனுக்குப் பயந்து வாழ்ந்த பெண்கள்: இவர்கள்தான் அந்தக் கணக்கில் இருப்பவர்கள். துப்பாக்கிக் கம்பெனியின் டைரக்டர்கள் அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. ஜனங்கள் போராடி ஒரு சட்டம் வாங்குவார்கள். மறுநாளே பணக்காரன் கோர்ட்டுக்குப் போய் அதற்கு ஸ்டே வாங்குவான். இந்த வித்தை ஆலைத் தொழிலாளிக்கும் குத்தகை விவசாயிக்கும் புதிதா? கடல் கடந்த நாட்டில் அதே வித்தை எவ்வளவு பெரிதாக நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு ஷரத்து, இரண்டு வியாக்கியானம்

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். யார் துப்பாக்கி வாங்கலாம், எதை விற்கலாம், எங்கே எடுத்துச் செல்லலாம் என்பதைப் பெரும்பாலும் மாநில சர்க்காரே தீர்மானிக்கிறது. இந்தச் சட்டங்களை எதிர்த்துத் துப்பாக்கிச் சங்கங்கள் வரிசையாக வழக்குப் போடுகின்றன. வழக்குக்கு ஆதாரம், 1791இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தம். ஒழுங்கு செய்யப்பட்ட குடிபடை சுதந்திர ராஜ்யத்தின் காவலுக்கு அவசியம், எனவே ஆயுதம் வைத்திருக்கும் ஜன உரிமையைப் பறிக்கலாகாது என்பது அதன் சாரம். மொத்தம் 27 வார்த்தைகள்.

இதைக் காட்டி ஒரு தனி மனிதன் தன் சொந்தத் தேவைக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்வது அரசியல் சட்ட உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு எப்போது தீர்ப்புச் சொன்னது? 2008இல்! அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். 1791க்கும் 2008க்கும் நடுவே 217 வருஷம். அதற்கு முன் 1991இல், அதே கோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற வாரன் பர்கர், துப்பாக்கிக் கூட்டம் இந்தத் திருத்தத்துக்குச் சொல்லிவரும் வியாக்கியானம் ஜனங்களின் மீது நடத்தப்பட்ட மாபெரும் மோசடி என்று டெலிவிஷனில் பகிரங்கமாகச் சொன்னார். அவர் இடதுசாரி அல்ல. நிக்ஸன் நியமித்த பழமைவாதி!

அப்படியானால் அந்த 217 வருஷமும் கோர்ட்டு என்ன செய்துகொண்டிருந்தது? இதைச் சொன்னால்தான் குட்டு உடையும்.

மண்சட்டியும் பொன்சட்டியும்

1873 ஏப்ரல். லூசியானா மாநிலம், கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பத்து வருஷம்கூட ஆகாத கறுப்பு மக்கள், தேர்தலில் தாங்கள் பெற்ற வெற்றியைக் காக்க ஊர்க் கச்சேரிக் கட்டிடத்தில் ஆயுதத்தோடு நின்றார்கள். வெள்ளை வெறியர் கூட்டம் பீரங்கியோடு வந்தது. கட்டிடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களையும் சுட்டுக் கொன்றது. மாண்டவர்கள் அறுபதுக்குக் குறையாது. நூற்றைம்பது என்றும் சொல்வார்கள்.

கொலைகாரர்கள் மீது மத்திய சர்க்கார் வழக்குத் தொடர்ந்தது. கறுப்பு மக்களின் ஆயுத உரிமையைப் பறித்தார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1876இல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது? இரண்டாவது திருத்தம் மத்திய சர்க்காரின் கையை மட்டுமே கட்டும் என்றது. தண்டிக்கப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

அடுத்தது சிகாகோ. அங்கே 1875இல் ஜெர்மன் சோஷலிஸ்டுத் தொழிலாளர்கள் "கல்வி, தற்காப்புச் சங்கம்" ஒன்றை ஏற்படுத்தினார்கள். முதலாளிகளின் அடியாட்களும் போலீசும் தொழிலாளர் கூட்டங்களில் புகுந்து தாக்கிய காலம் அது. இல்லினாய் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: கவர்னரின் அனுமதி இல்லாமல் யாரும் ஆயுதம் ஏந்தி அணிவகுக்கக் கூடாது! 1879இல் ஹெர்மன் பிரஸ்ஸர் என்பவர் சுமார் 400 பேரோடு அணிவகுத்தார். 10 டாலர் அபராதம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1886இல் தீர்ப்பு: மாநிலச் சட்டம் செல்லும், இரண்டாவது திருத்தம் மாநிலத்தைக் கட்டாது!

1886, சிகாகோ. தோழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எட்டு மணி நேர வேலைக்காக அந்த நகரத்துத் தொழிலாளர்கள் ரத்தம் சிந்திய அதே ஆண்டு.

1921இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காகத் துப்பாக்கி ஏந்தினார்கள். சுரங்க முதலாளிகளின் கூலிப்படை அவர்களை எதிர்த்தது. ஆகாயத்திலிருந்து குண்டும் போட்டது. கடைசியில் மத்திய ராணுவம் வந்தது. தொழிலாளர்கள் மீது ராஜத்துரோக வழக்கு! இரண்டாவது திருத்தம் அன்று எங்கே ஒளிந்துகொண்டது?

1967இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்த கறுப்பு இளைஞர்கள், போலீஸ் கொடுமையை எதிர்த்துத் துப்பாக்கியோடு சட்டசபைக் கட்டிடத்துக்கே வந்தார்கள். சில மாதங்களில் பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கூடாது என்று சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் கவர்னர் ரொனால்டு ரீகன். சட்டத்தை ஆதரித்தது எது? தேசிய ரைபிள் சங்கம்! இன்று மாநிலந்தோறும் துப்பாக்கிச் சட்டங்களை எதிர்த்து வழக்குகளுக்குப் பக்கபலமாக நிற்கும் அதே சங்கம்!

இப்போது 2010க்கு வாருங்கள். மறுபடியும் சிகாகோ. கைத்துப்பாக்கியைத் தடை செய்த நகரச் சட்டத்தை எதிர்த்து வழக்கு. சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்காகத் தீர்ப்புச் சொன்னது: இரண்டாவது திருத்தம் மாநிலத்தையும் நகரத்தையும் கட்டும்!

அதே நகரம், அதே திருத்தம். 1886இல் கட்டாதது 2010இல் கட்டுகிறது. தொழிலாளி அணிவகுத்தபோது மாநிலச் சட்டம் செல்லுபடி. துப்பாக்கி விற்பனைக்கு இடைஞ்சல் வந்தபோது சட்டம் செல்லாக்காசு. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி!

ஆடு நனைகிறதே என்று...

எதிர்க்கட்சிக்காரரின் வாதத்தையும் கேட்போம். "2010 வழக்கைப் போட்டவர் யார்? ஓட்டிஸ் மெக்டொனால்டு என்ற கறுப்பு முதியவர். ஓய்வு பெற்ற தொழிலாளி. திருடர்கள் புகுந்த வீட்டில் பயந்து வாழ்ந்தவர். கோல்ஃபாக்ஸ் அநியாயத்தைத்தான் கோர்ட்டு 2010இல் திருத்தியது. துப்பாக்கிச் சட்டங்களால் ஜெயிலுக்குப் போகிறவர்களும் ஏழைகள்தானே?" என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. அந்த முதியவரின் பயம் நிஜம். நியூயார்க்கில் உரிமம் இல்லாத துப்பாக்கிக்காகச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பு மக்களும் லத்தீன் மக்களும் என்று, ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பு வக்கீல்களே 2021இல் சுப்ரீம் கோர்ட்டில் மனுக் கொடுத்து, நியூயார்க் சட்டத்தை எதிர்த்தார்கள். அவர்கள் விலை போனவர்கள் அல்ல. தினமும் லாக்கப் வாசலில் நிற்பவர்கள்.

ஆனால் பலன் யாருக்கு வந்தது? 2022 ஜூன் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஆறுக்கு மூன்றாக நியூயார்க் சட்டத்தை வெட்டியது. வெளியிடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டுமானால் தக்க காரணம் காட்ட வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்திருந்த விதி போயிற்று. கட்டணம் கட்டி, பயிற்சி பெற்று, உரிமம் வாங்க வசதி உள்ளவனுக்கு வழி பிறந்தது. உரிமம் இல்லாத ஏழை இளைஞனுக்கோ அதே பழைய சிறைதான்! போலீசின் பாரபட்சத்தை ஒழிக்க வேண்டுமானால் போலீசைத் திருத்த வேண்டும். தண்டனையைத் திருத்த வேண்டும். தெருவில் துப்பாக்கியைப் பெருக்குவது மருந்தாகுமா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது.

அந்தத் தீர்ப்பு வந்த வேளையையும் கவனியுங்கள். 2022 மே 14ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், மளிகைக் கடைக்கு வந்த கறுப்பு மக்கள் பத்துப் பேரை ஒரு நிறவெறியன் சுட்டுக் கொன்றான். பத்து நாள் கழித்து டெக்ஸாஸ் மாநிலம் யுவால்டியில் 19 பள்ளிக் குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் பலி. கொன்றவன் 18 வயதுப் பையன். பிறந்தநாள் கழிந்த சில நாட்களில் கடையில் சட்டப்படியே துப்பாக்கி வாங்கியவன். சவக்குழியின் மண் ஈரம் உலரவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது! அது மட்டுமா? யுவால்டி நடந்து மூன்று மாதத்தில், 18 முதல் 20 வயதுள்ளவர்கள் வெளியில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லக்கூடாது என்ற டெக்ஸாஸ் சட்டத்தையும் ஒரு மத்திய கோர்ட்டு செல்லாதென்றது. மாநில சர்க்கார் அப்பீல் செய்துவிட்டுப் பின்பு அதையும் வாபஸ் வாங்கிக்கொண்டது!

2022 தீர்ப்பு ஒரு புது அளவுகோலையும் கொண்டுவந்தது. இன்றைய சட்டம் ஒன்று நிற்க வேண்டுமானால், பழங்காலத்திலும் அதைப் போன்ற கட்டுப்பாடு வழக்கத்தில் இருந்ததென்று சர்க்கார் காட்ட வேண்டுமாம்! அடிமை முறை இருந்த காலம், பெண்ணுக்கு ஓட்டில்லாத காலம் நமக்கு அளவுகோலா? இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, பெண்ணை அடித்து மிரட்டியதற்காகக் கோர்ட்டு உத்தரவுக்கு உள்ளானவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தையே 2023இல் ஒரு மேல்கோர்ட்டு செல்லாதென்றது. ஊரே காறித் துப்பியது. 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டே எட்டுக்கு ஒன்றாக அதைத் திருப்பிப் போட்டது. தாங்கள் செய்த அளவுகோல் தங்கள் தலையிலேயே இடித்த பிறகுதான் கொஞ்சம் வளைத்தார்கள். 2024 பிப்ரவரியில் ஹவாய் மாநிலத்து உச்ச கோர்ட்டோ, இந்தச் சரித்திர அளவுகோலை எங்கள் மாநில அரசியல் சட்டத்துக்குப் பொருத்த மாட்டோம் என்று முகத்துக்கு நேராகவே எழுதியது.

ஓட்டுப்பெட்டியும் வழக்குக்கட்டும்

சட்டசபையில் சில பேர் செய்த சட்டம் என்றாவது சொல்வார்கள். ஆரிகன் மாநிலத்தில் 2022 நவம்பரில் ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் செய்தார்கள். துப்பாக்கி வாங்க முன்னனுமதி வேண்டும். பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் அடைப்பான்கள் விற்கக் கூடாது. பாதிக்குச் சற்று அதிகமான ஓட்டில் நிறைவேறியது. அடுத்த மாதமே, சில ஆயிரம் ஜனங்களே வாழும் ஹார்னி என்ற மூலை மாவட்டத்தின் கோர்ட்டில் தடையுத்தரவு! 2023இல் மத்திய கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. மாவட்டக் கோர்ட்டு செல்லாது என்றது. 2025இல் அப்பீல் கோர்ட்டு செல்லும் என்றது. அதன் பிறகு மாநில உச்ச கோர்ட்டு. லட்சக்கணக்கான ஓட்டு ஒரு தட்டில், ஒரு வழக்குக்கட்டு மறுதட்டில். எது கனத்தது?

அமெரிக்க ஜனங்கள் இதைப் பார்க்காமல் இல்லை. 2023இல் பியூ ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணிப்பில், துப்பாக்கிச் சட்டங்களை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்றவர்கள் நூற்றுக்கு 58 பேர். 2022 ஜூனில் கேலப் நிறுவனம் கேட்டபோது, சுப்ரீம் கோர்ட்டின் மேல் உறுதியான நம்பிக்கை உண்டு என்றவர்கள் நூற்றுக்கு 25 பேர்தான். துப்பாக்கி ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தின் பெயரால் நடப்பதை ஜனங்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கோர்ட்டுக்கு இரண்டு வாசல்

துப்பாக்கிக்காரன் சட்டத்தின் மேல் வழக்குப் போடலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவன் துப்பாக்கிக்காரன் மேல் வழக்குப் போடலாமா?

2005இல் புஷ் கையெழுத்திட்டு ஒரு மத்தியச் சட்டம் வந்தது. துப்பாக்கியால் நடக்கும் குற்றங்களுக்காக, அதைச் செய்தவன் மீதும் விற்றவன் மீதும் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதைச் சில விதிவிலக்குகள் தவிர அது தடுக்கிறது. காருக்கு இல்லாத கவசம் துப்பாக்கிக் கம்பெனிக்கு! 2025 ஜூனில் மெக்ஸிகோ சர்க்கார் போட்ட வழக்கும் இந்தக் கவசத்தில்தான் மோதி விழுந்தது.

கொலராடோ மாநிலம் அரோரா நகரில் 2012இல் ஒரு சினிமாக் கொட்டகையில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மகளை இழந்த ஒரு தாயும் தகப்பனும், கொலைகாரனுக்குத் தோட்டா விற்ற வியாபாரிகள் மேல் வழக்குப் போட்டார்கள். பணம் கேட்கவில்லை, இனி இப்படி விற்காதே என்றுதான் கேட்டார்கள். 2015இல் வழக்கு தள்ளுபடி. தள்ளுபடியானதோடு விட்டார்களா? வியாபாரிகளின் வக்கீல் செலவு, இரண்டு லட்சம் டாலருக்கு மேல், அந்தப் பெற்றோர் தலையில் கட்டப்பட்டது! மறுபக்கம், துப்பாக்கிச் சங்கம் மாநிலச் சட்டத்தை வென்றால் அதன் வக்கீல் செலவை மாநில சர்க்காரிடம் வாங்கிக்கொள்ள மத்தியச் சட்டம் வழி செய்கிறது. அதாவது, ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து! பெற்றவன் தோற்றால் பெற்றவன் கட்டு. துப்பாக்கிக்காரன் ஜெயித்தால் ஊரார் கட்டு!

சந்தேகத்தோடு நின்றுவிடக் கூடாது

ஆகவே, "இந்த வழக்குகள் எங்கள் உரிமைக்காக அல்ல" என்று அமெரிக்க ஜனங்கள் சந்தேகப்படுவது சரி. நூற்றைம்பது வருஷச் சரித்திரம் அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சி. ஆனால் சந்தேகம் மட்டும் ஒரு குழந்தையையும் காப்பாற்றாது.

காப்பாற்றுவது எது? கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில், 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி வியாபாரிகளின் தேசிய சங்கத்துக்கு அன்று தலைமையகம் இருந்ததும் அதே நியூடவுன்தான்! ஒன்பது குடும்பங்கள் விடவில்லை. மத்தியச் சட்டத்தின் கவசத்தில் ஓட்டை எங்கே என்று தேடி, தங்கள் மாநிலத்து நேர்மையற்ற வியாபாரத் தடைச் சட்டத்தைப் பிடித்தார்கள். துப்பாக்கியை விளம்பரம் செய்த விதமே குற்றம் என்றார்கள். ஏழு வருஷத்துக்கு மேல் போராடி, 2022 பிப்ரவரியில் ரெமிங்டன் கம்பெனியின் இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து 7 கோடியே 30 லட்சம் டாலர் பெற்றார்கள். கம்பெனியின் உள் காகிதங்களை வெளியிடும் உரிமையும் பெற்றார்கள். கொலராடோவில், துப்பாக்கி வியாபாரிகளுக்குக் கவசமாக இருந்த அந்த மாநிலத்துச் சட்டத்தை 2023இல் சட்டசபையே ரத்து செய்தது. அந்தத் தாய் தகப்பனுக்கு நேர்ந்த அநியாயம் மாறாது. ஆனால் அந்த மாநிலத்தில் அடுத்த தாய்க்கு ஒரு பூட்டு உடைந்தது.

பார்த்தீர்களா? மாநிலச் சட்டம் என்பது ஏட்டில் எழுதிய எழுத்தல்ல. ஜனங்கள் கையில் வந்தால் அதுவும் ஒரு கருவி. அதனால்தான் துப்பாக்கிக்காரன் அதை உடைக்கக் கோர்ட்டு கோர்ட்டாக அலைகிறான்!

சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எவனாவது "உரிமை, உரிமை" என்று கூப்பாடு போட்டால், தோழர்களே, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த உரிமை ஏழை கேட்டபோது கிடைத்ததா? கோல்ஃபாக்ஸின் விவசாயிக்கு, சிகாகோவின் தொழிலாளிக்கு, பிளேர் மலையின் சுரங்கக்காரனுக்குக் கிடைத்ததா?

கிடைக்கவில்லை என்றால், அது உரிமை அல்ல. வியாபாரம்!